கோவை யாரோட கோட்டை?

மூணு நம்பர் சொல்றேன். 2,93,165. 34,197. 5,71,150.

மூணுமே ஒரே ஆள் வாங்கின ஓட்டு. கோவை நாடாளுமன்றத் தொகுதியில மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி சார்பா நின்ன பி.ஆர். நடராஜன், 2009, 2014, 2019 தேர்தல்கள்ல வாங்கின ஓட்டு. முதல் தடவை ஜெயிச்சார். ரெண்டாவது தடவை டெபாசிட் போச்சு. மூணாவது தடவை 1,79,143 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். ஆள் மாறல, கட்சி மாறல, சின்னம் மாறல, தொகுதியோட எல்லைகூட மாறல. அப்போ எது மாறுச்சு?

இந்தக் கேள்விக்கு பதில் தேடத்தான் இந்தக் கட்டுரை. 2024 ரிசல்ட் வந்த வாரம் எங்க கேன்டீன்ல நடந்த ஒரு சண்டைதான் இதுக்கு ஆரம்பம். "கோவை எப்பவுமே சிவப்புக் கோட்டைடா"ன்னு ஒருத்தன். "பாஜகவுக்கு தமிழ்நாட்டுல கோட்டைன்னா அது கோவைதான்"னு இன்னொருத்தன். "கொங்கு மண்டலமே அதிமுக கோட்டை, இது தெரியாதா"ன்னு மூணாவது ஆள். ஜெயிச்சது திமுக. நான் அன்னைக்கு வாயே திறக்கல. அதுக்குக் காரணம் வேற, கடைசில சொல்றேன். ஆனா ரூமுக்கு வந்து 1952-லிருந்து எல்லா ரிசல்ட்டையும் ஒரு நோட்டுல எழுதிப் பார்த்தேன். மூணு பேரு சொன்னதும் தப்புன்னு தெரிஞ்சுச்சு. நான் மனசுக்குள்ள நினைச்சதும் தப்பு.

முதல்ல, "கோவை"ன்னா எது?

உங்க காலேஜ் கோவையில இருக்குன்னா நீங்க கோவை தொகுதியில இருக்கீங்கன்னு அர்த்தம் இல்ல. நாடாளுமன்றத் தொகுதிங்கறது ஆறு சட்டமன்றத் தொகுதிகளைச் சேர்த்துக் கட்டின ஒரு மூட்டை. இப்போதைய கோவை மூட்டையில இருக்கறது: கோவை வடக்கு, கோவை தெற்கு, சிங்காநல்லூர், கவுண்டம்பாளையம், சூலூர், பல்லடம். இதுல பல்லடம் திருப்பூர் மாவட்டம். ஆனா கோவை மாவட்டத்துல இருக்கிற மேட்டுப்பாளையம் நீலகிரி தொகுதியில வருது. தொண்டாமுத்தூரும் கிணத்துக்கடவும் பொள்ளாச்சி தொகுதியில வருது.

2004 தேர்தல் வரைக்கும் மூட்டை வேற மாதிரி இருந்துச்சு: கோவை கிழக்கு, கோவை மேற்கு, சிங்காநல்லூர், பேரூர், பல்லடம், அப்புறம் திருப்பூர். ஆமா, பனியன் கம்பெனிகள் நிறைஞ்ச திருப்பூர் கோவை எம்.பி.க்குத்தான் ஓட்டு போட்டுட்டு இருந்துச்சு. 2008 தொகுதி மறுவரையறையில திருப்பூர் தனித் தொகுதியா பிரிஞ்சு போச்சு. 2004-ல கோவை எம்.பி. ஆன இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் கே. சுப்பராயன், 2019-லயும் 2024-லயும் திருப்பூர் எம்.பி. ஆனதை இதோட சேர்த்துப் பாருங்க. "கோவையில கம்யூனிஸ்ட் பலம்"னு நாம சொல்றதுல ஒரு பங்கு இப்போ வேற தொகுதிக் கணக்குல இருக்கு.

அதனால "கோவை 70 வருஷமா இப்படித்தான்"னு யாராவது ஆரம்பிச்சா, "எந்தக் கோவை?"ன்னு கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு.

மில் சங்கு ஊதின காலம்

1952 முதல் பொதுத்தேர்தல்ல கோவையில ஓட்டுப்பதிவே நடக்கல. காங்கிரஸ் வேட்பாளர் டி.ஏ. ராமலிங்கம் செட்டியார் போட்டியில்லாம தேர்வானார். கூட்டுறவு இயக்கத்துல பெரிய பேர் அவர், அரசியல் நிர்ணய சபையிலயும் இருந்தவர்.

அஞ்சு வருஷத்துல காட்சி தலைகீழ். 1957-ல மாநிலம் முழுக்க காங்கிரஸ் அலை அடிச்சப்போ, கோவையில இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் பார்வதி கிருஷ்ணன் ஜெயிச்சாங்க. இது எப்படின்னு புரியணும்னா மில்லைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும்.

கோவையோட முதல் பஞ்சாலையான ஸ்டேன்ஸ் மில் 1888-ல வந்துச்சு. 1930-கள்ல பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்த பிறகுதான் மில்லுங்க வேகமா பெருகிச்சு. கரிசல் மண்ணுல பருத்தி, பக்கத்து மலையில இருந்து கரண்ட், சுத்துப்பட்டு கிராமத்துல இருந்து ஆளுங்க. "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்"னு பேர் கிடைச்சது இப்படித்தான். ஆனா ஆயிரக்கணக்கான பேர் ஒரே ஷிஃப்டுல, ஒரே சங்குச் சத்தத்துக்கு உள்ள போய் வெளிய வர்ற இடத்துல தொழிற்சங்கமும் வளரும். சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த நாலு மில் தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8 அன்னைக்குத் தூக்கிலிடப்பட்டாங்க. இன்னைக்கும் வருஷா வருஷம் அந்த நாள்ல அங்க அஞ்சலி நடக்குது. 1957 ஓட்டுக்குப் பின்னாடி இந்த மாதிரி ஞாபகங்களும் இருந்துச்சு.

1962-ல தொகுதி திரும்ப காங்கிரஸுக்கு. ஜெயிச்சவர் பி.ஆர். ராமகிருஷ்ணன். அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில படிச்ச என்ஜினியர், கோவை சி.ஐ.டி. கல்லூரியை உருவாக்கினதுல முக்கியமானவர். தோத்தது பார்வதி கிருஷ்ணன். ஒரு பக்கம் மில் தொழிலாளர் தலைவர், இன்னொரு பக்கம் தொழிலதிபர். கோவையோட ரெண்டு முகமும் நேருக்கு நேர் நின்ன தேர்தல்னு இதைச் சொல்லலாம்.

1967-ல மார்க்சிஸ்ட் கட்சியின் கே. ரமணி. 1971-ல இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் கே. பாலதண்டாயுதம். 1973 மே 31 அன்னைக்கு டெல்லி பக்கத்துல நடந்த விமான விபத்துல பாலதண்டாயுதம் இறந்துட்டார். அதே விமானத்துல இறந்த இன்னொருத்தர் மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம். அவர் பார்வதி கிருஷ்ணனோட அண்ணன். அந்த விபத்தால காலியான தொகுதிக்கு 1974-ல இடைத்தேர்தல் வந்துச்சு. அதுல நின்னு ஜெயிச்சது பார்வதி கிருஷ்ணன். 1977 பொதுத்தேர்தல்லயும் அவங்கதான்.

இது வரைக்கும் படிச்சா "சிவப்புக் கோட்டை"ன்னு சொன்ன நண்பன் சரிதானேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா ஒவ்வொரு வெற்றிக்கும் பக்கத்துல கூட்டணியை எழுதிப் பார்த்தா கதை மாறுது. 1967-ல மார்க்சிஸ்ட் இருந்தது திமுக அணியில. அந்த வருஷம் மாநிலத்தையே அள்ளினது அந்த அணிதான். 1971-ல இந்திய கம்யூனிஸ்ட் இருந்தது திமுக, இந்திரா காங்கிரஸ் அணியில. அதுவும் அள்ளின அணி. 1977-ல இந்திய கம்யூனிஸ்ட் இருந்தது அதிமுக, காங்கிரஸ் அணியில. அதுவும் ஜெயிச்ச அணி. மில் தொழிலாளர் ஓட்டு நிஜம்தான். ஆனா 1957-க்குப் பிறகு அந்த ஓட்டு மட்டுமே ஜெயிக்க வெச்சுச்சான்னு கேட்டா, ஆமான்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்ல.

அணி மாறினா எம்.பி. மாறுவார்

1980-ல திமுகவும் இந்திரா காங்கிரஸும் கைகோத்தாங்க. கோவையில திமுகவின் இரா. மோகன் ஜெயிச்சார். 1984, 1989, 1991, மூணு தேர்தல்லயும் காங்கிரஸின் சி.கே. குப்புசாமி. மூணுலயும் காங்கிரஸ் கூட இருந்தது அதிமுக. 1996-ல ஜெயலலிதா ஆட்சி மேல கோபம் உச்சத்துல இருந்தப்போ, திமுக, தமிழ் மாநில காங்கிரஸ் அணி 39 தொகுதியையும் எடுத்துச்சு. கோவையில திமுகவின் மு. ராமநாதன்.

கவனிச்சீங்களா? குப்புசாமி மூணு தடவை தொடர்ந்து ஜெயிச்சிருக்கார். இந்தத் தொகுதியில ஹாட்ரிக் அடிச்ச ஒரே ஆள் அவர். ஆனா "கோவை காங்கிரஸ் கோட்டை"ன்னு இன்னைக்கு யாரும் சொல்றதில்ல. 2014-ல காங்கிரஸ் தனியா நின்னப்போ அங்க கிடைச்சது 56,962 ஓட்டு. "கோட்டை"ங்கற வார்த்தையோட ஆயுசு எவ்வளவுன்னு இதுல தெரியுது.

1998

இந்தப் பகுதியை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குச்சு. நாம யாரும் அப்போ பொறக்கல. ஆனா நம்ம வீடுகள்ல அந்த வருஷத்தைப் பத்திப் பேசும்போது இன்னைக்கும் குரல் இறங்கும்.

1997 நவம்பர் கடைசியில ஒரு போக்குவரத்துக் காவலர் கொலை செய்யப்பட்டார். தொடர்ந்து நடந்த கலவரத்துலயும் துப்பாக்கிச் சூட்டுலயும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தாங்க. 1998 பிப்ரவரி 14 அன்னைக்கு, தேர்தல் பிரசாரத்துக்காக எல்.கே. அத்வானி ஆர்.எஸ். புரத்துக்கு வர இருந்த நேரத்துல, நகரம் முழுக்க தொடர் குண்டுவெடிப்பு. 58 பேர் இறந்தாங்க. அந்தத் தேர்தல்ல பாஜகவின் சி.பி. ராதாகிருஷ்ணன் 1,44,676 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார்.

இதை ரெண்டு வரியில முடிச்சா "குண்டு வெடிச்சுது, அதனால பாஜக ஜெயிச்சுது"ன்னு ஆகும். பலரும் அப்படித்தான் சொல்வாங்க. குண்டுவெடிப்புக்கு அந்த ஓட்டுல பங்கே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பக்கத்துல இன்னொரு விஷயத்தையும் எழுதணும். 1998-ல பாஜக இருந்தது அதிமுக அணியில. அந்த அணி தமிழ்நாட்டுல 39-ல 30 ஜெயிச்சுது. குண்டே வெடிக்காத ஊர்கள்லயும் ஜெயிச்சுது.

அடுத்த வருஷமே, 1999-ல, திரும்பத் தேர்தல். இந்தத் தடவை பாஜக இருந்தது திமுக அணியில. ராதாகிருஷ்ணன் திரும்ப ஜெயிச்சார், ஆனா வித்தியாசம் 54,077 தான். எதிர்ல நின்னது அதிமுக அணியில இருந்த இந்திய கம்யூனிஸ்டின் ஆர். நல்லகண்ணு. 2004-ல பாஜக மறுபடி அதிமுக கூட. இந்தத் தடவை ராதாகிருஷ்ணன் 1,64,505 ஓட்டுல தோத்தார். ஜெயிச்சது திமுக அணியில இருந்த சுப்பராயன். அந்த வருஷம் திமுக அணி 39-க்கு 39.

ஆறே வருஷம், மூணு தேர்தல், ஒரே வேட்பாளர். கூட்டாளி மட்டும் ஒவ்வொரு தடவையும் மாறினாங்க. பிறகு 2014-லயும் 2019-லயும் அதே தொகுதியில நின்னு ரெண்டாவது இடம் வந்த ராதாகிருஷ்ணன், 2025 செப்டம்பர்ல நாட்டோட துணைக் குடியரசுத் தலைவர் ஆனார். அஞ்சு தடவை நின்னு ரெண்டு தடவை ஜெயிச்ச தொகுதியை அவரோட "கோட்டை"ன்னு சொல்றதா, வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

சூப்பர்பொசிஷன் தியரம் வேலை செய்யாத இடம்

இப்போ திரும்ப நடராஜனுக்கு வருவோம். 2009-ல மார்க்சிஸ்ட் இருந்தது அதிமுக அணியில. 2,93,165 ஓட்டு வாங்கி, காங்கிரஸின் ஆர். பிரபுவை 38,664 ஓட்டுல ஜெயிச்சார். 2014-ல ரெண்டு கம்யூனிஸ்ட் கட்சியும் பெரிய கட்சி யாரும் இல்லாம நின்னுச்சு. 34,197. பதிவான செல்லத்தக்க ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கலேன்னா டெபாசிட் காலி, அதான் ஆச்சு. 2019-ல மார்க்சிஸ்ட் இருந்தது திமுக அணியில. 5,71,150.

அப்போ "கட்சிகளோட ஓட்டைக் கூட்டினா போதும், ரிசல்ட் வந்துடும்"னு தோணுதா? முதல் வருஷம் எலக்ட்ரிக்கல் பேப்பர்ல எல்லாரும் படிச்ச சூப்பர்பொசிஷன் தியரம் மாதிரி. ஒவ்வொரு சோர்ஸையும் தனித்தனியா எடுத்து, கடைசில கூட்டிக்கலாம். ஆனா அந்த தியரம் லீனியர் சர்க்யூட்டுக்கு மட்டும்தான்னு சார் போர்டுல அடிக்கோடு போட்டது ஞாபகம் இருக்கா?

2014-ல அதிமுக தனியா நின்னு ஜெயிச்சுது. ஏ.பி. நாகராஜன் வாங்கினது 4,31,717. ரெண்டாவது வந்த பாஜகவின் ராதாகிருஷ்ணன் 3,89,701. ரெண்டையும் கூட்டினா 8,21,418. 2019-ல இந்த ரெண்டு கட்சியும் ஒரே அணி. சூப்பர்பொசிஷன் படி எதிரிக்கு டெபாசிட்டே மிஞ்சக் கூடாது. ஆனா அந்த அணியோட வேட்பாளரா நின்ன ராதாகிருஷ்ணன் வாங்கினது 3,92,007. அதாவது, 2014-ல அதிமுக இல்லாம வாங்கினதை விட ரெண்டாயிரத்துச் சொச்சம்தான் அதிகம். நாலு லட்சத்துக்கும் மேல ஓட்டு கூட்டல் கணக்குல இருந்து காணாமப் போச்சு.

எதிர்ப்பக்கம் இதுக்கு நேர் எதிர். 2014-ல திமுக (2,17,083), காங்கிரஸ், மார்க்சிஸ்ட் மூணும் தனித்தனியா வாங்கினதைக் கூட்டினா 3,08,242. 2019-ல சேர்ந்து நின்னு வாங்கினது 5,71,150. கூட்டுத்தொகையை விட 2,62,908 அதிகம்.

ஏன்? காரணம் ஒண்ணு இல்ல. 2014-ல பாஜக அணியில இருந்த மதிமுக மாதிரி கட்சிகள் 2019-ல திமுக பக்கம் வந்துட்டாங்க. 2016 டிசம்பர்ல ஜெயலலிதா இறந்த பிறகு அதிமுக உடைஞ்சு, அமமுக தனியா நின்னுச்சு. பணமதிப்பிழப்பும் ஜி.எஸ்.டி.யும் பவுண்டரி, பம்ப்செட், ஜாப் ஒர்க் பட்டறைகளை எப்படி அடிச்சுதுங்கறது ஊர் முழுக்கப் பேச்சா இருந்துச்சு. புதுசா வந்த மக்கள் நீதி மய்யம் மட்டும் 1,45,104 ஓட்டு எடுத்துச்சு. இதுக்கெல்லாம் மேல ஒண்ணு: ஓட்டு போடறவங்க கட்சியோட சொத்து இல்ல. தலைவர்கள் கைகுலுக்கினதும் தொண்டர்கள் கூடவே வந்துடுவாங்க, பொதுஜனம் வராது. சில பேர் கூட்டணியைப் பார்த்தே எதிர்ப்பக்கம் போவாங்க.

இதை மனசுல வெச்சுக்கிட்டு 2024-க்கு வாங்க. 2023-லயே அதிமுகவும் பாஜகவும் பிரிஞ்சாச்சு. திமுக இந்தத் தடவை கோவையைத் தானே எடுத்துக்கிட்டு, மார்க்சிஸ்டுக்கு திண்டுக்கல்லைக் கொடுத்துச்சு. திமுகவின் கணபதி ப. ராஜ்குமார் 5,68,200. பாஜகவின் கே. அண்ணாமலை 4,50,132. அதிமுகவின் சிங்கை ஜி. ராமச்சந்திரன் 2,36,490. ரெண்டாவது, மூணாவது வந்த ரெண்டு பேருமே கோவை பி.எஸ்.ஜி. டெக்ல என்ஜினியரிங் படிச்சவங்க. ஜெயிச்ச ராஜ்குமார் முன்னாடி அதிமுக சார்பா கோவை மேயரா இருந்தவர். 1996-க்குப் பிறகு, 28 வருஷம் கழிச்சு, தொகுதி திமுக கைக்கு வந்துச்சு.

ரிசல்ட் வந்த அன்னைக்கே வாட்ஸ்அப்ல ஒரு கணக்கு சுத்துச்சு. பாஜக, அதிமுக ஓட்டைக் கூட்டினா 6,86,622, சேர்ந்து நின்னிருந்தா ஜெயிச்சிருப்பாங்கன்னு. ஜெயிச்சிருக்கலாம். தோத்தும் இருக்கலாம். ஆனா 2014, 2019 நம்பரைப் பார்த்த யாரும் அந்தக் கூட்டலை நிரூபணம்னு சொல்ல மாட்டாங்க.

15-க்கு 14

நான் நோட்டுல எழுதி முடிச்சதும் வந்த ஸ்கோர் இது. 1952-லிருந்து 2024 வரை 18 பொதுத்தேர்தல். ரெண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் சேர்ந்து 7 (1974 இடைத்தேர்தல் தனி). காங்கிரஸ் 5. திமுக 3. பாஜக 2. அதிமுக 1.

"கொங்கு எங்க கோட்டை"ன்னு சொல்ற கட்சி கோவை எம்.பி. சீட்டைத் தன் சின்னத்துல ஜெயிச்சது ஒரே ஒரு தடவை, 2014-ல. அதே சமயம் 2021 சட்டமன்றத் தேர்தல்ல இந்த ஆறு தொகுதியையும் அதிமுக அணிதான் ஜெயிச்சுது: அஞ்சு அதிமுக, கோவை தெற்கு பாஜக. மூணு வருஷம் கழிச்சு அதே ஆறு தொகுதி சேர்ந்து திமுக எம்.பி.யை அனுப்புச்சு. சட்டமன்றத்துக்கு ஒரு மாதிரி, நாடாளுமன்றத்துக்கு வேற மாதிரி யோசிக்கத் தெரிஞ்ச ஊர் இது.

கட்சிக்குப் பதிலா அணியை எண்ணினா இன்னும் சுவாரசியம். 1967-லதான் தமிழ்நாட்டுல அணி அரசியல் முழுசா ஆரம்பிக்குது. அதுல இருந்து 2024 வரை 15 பொதுத்தேர்தல். அதுல 14 தடவை, மாநிலத்துல அதிக சீட் ஜெயிச்ச அணி எதுவோ அதே அணிதான் கோவையிலயும் ஜெயிச்சிருக்கு. ஒரே விதிவிலக்கு 2009. அந்த வருஷம் மாநிலத்துல திமுக அணி முன்னாடி, ஆனா கோவையில அதிமுக அணியில இருந்த நடராஜன். 2008-ல இருந்து பட்டறைகளை முடக்கின மின்வெட்டு, புதுசா மாறின எல்லை, புதுசா முளைச்ச கொங்குநாடு முன்னேற்றப் பேரவை எடுத்த 1,28,070 ஓட்டு, எல்லாம் ஒண்ணா வந்த தேர்தல் அது.

அதனால கேன்டீன் சண்டைக்கு என் பதில்: கோவை யாரோட கோட்டையும் இல்ல. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காட்டுற காத்தாடி. 1957-லயும் 2009-லயும் மட்டும் காத்துக்கு எதிரா சுத்தியிருக்கு. ரெண்டு தடவையும் ஊருக்குள்ள, தொழில்ல, சொந்தமா ஒரு பிரச்சனை பெருசா இருந்திருக்கு.

இதனால நமக்கு என்ன?

"கோட்டை"ங்கற வார்த்தை ஒரு வேலை செய்யுது. "எப்படியும் அவங்கதான் ஜெயிப்பாங்க, நம்ம ஓட்டு எதுக்கு"ன்னு நினைக்க வைக்குது. கோட்டைக்கு உள்ள இருக்கறவனுக்கும் அலட்சியம், வெளிய இருக்கறவனுக்கும் சலிப்பு.

2024-ல கோவை தொகுதியில வாக்காளர்கள் சுமார் 21 லட்சம். ஓட்டுப்பதிவு சுமார் 65 சதவீதம். அப்படின்னா ஓட்டு போடாதவங்க ஏழு லட்சத்துக்கும் மேல. ஜெயிச்சவர் வாங்கினது 5,68,200. ஓட்டே போடாதவங்களை ஒரு கட்சியா நினைச்சா, அந்தக் கட்சி ஒரு லட்சத்துக்கும் மேல வித்தியாசத்துல முதல் இடம். இதுல இறந்தவங்க பேர், ஊர் மாறிப் போனவங்க பேர் எல்லாம் இருக்கும், கொஞ்சம் கழிச்சுக்கலாம். கழிச்சாலும், பல தேர்தல்கள்ல ஜெயிச்ச வித்தியாசத்தை விட அது பெருசு. 2014-ல 42,016. 2009-ல 38,664.

இப்போ நான் அன்னைக்கு வாய் திறக்காததுக்குக் காரணம். 2024 ஏப்ரல் 19 அன்னைக்கு எனக்கு ஓட்டுப் போடற வயசு வந்தாச்சு. எங்க வீடு சிங்காநல்லூர்ல. ஓட்டுச்சாவடி நடந்து போற தூரம். அப்பாவும் அம்மாவும் காலையிலயே போய் மை வெச்சுக்கிட்டு வந்தாங்க. நான் வீட்லதான் இருந்தேன். "அப்புறம் பண்ணிக்கலாம்"னு படிவம் 6-ஐ நிரப்பவே இல்ல. அந்த ஏழு லட்சத்துலகூட நான் இல்ல, பட்டியல்லயே என் பேர் இல்ல. சண்டை போட்ட மூணு பேர்ல ரெண்டு பேர் பஸ் புடிச்சுப் போய் அவங்க ஊர்ல ஓட்டுப் போட்டுட்டு வந்தவங்க. அவங்க முன்னாடி நான் என்னத்தைப் பேச?

இப்போ பேர் சேத்துட்டேன். கஷ்டமே இல்ல, ஆன்லைன்லயே முடிஞ்சுது. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1, இந்த நாலு தேதியில எதுலயாவது 18 முடிஞ்சிருந்தா போதும். 17 முடிஞ்சதுமே முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஹாஸ்டல்ல இருக்கறவங்க சொந்த ஊர்லயும் சேர்க்கலாம், இல்லேன்னா காலேஜ்ல போனஃபைடு சான்றிதழ் வாங்கி ஹாஸ்டல் முகவரியிலயும் சேர்க்கலாம். ரெண்டுல ஒண்ணுதான்.

இன்னொரு விஷயமும் காத்திருக்கு. 2002-ல நடைமுறைக்கு வந்த 84-வது அரசியலமைப்புத் திருத்தம், மாநிலங்களுக்கு எத்தனை எம்.பி.ங்கற எண்ணிக்கையை 2026-க்குப் பிறகு எடுக்கிற முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரைக்கும் உறைய வெச்சுது. அடுத்த மறுவரையறை வரும்போது இந்த ஆறு தொகுதி மூட்டை திரும்ப அவிழும். திருப்பூர் போன மாதிரி எது போகும், எது வரும்னு அப்போ பேசுவாங்க. அந்த வரைபடம் வரும்போது, "நம்ம ஊர் எப்பவும் இப்படித்தான்"னு சொல்றவங்களை விட, 2,93,165-ம் 34,197-ம் 5,71,150-ம் ஒரே ஆளோட ஓட்டுதான்னு தெரிஞ்சவங்க கொஞ்சம் அதிகமா இருந்தா நல்லா இருக்கும்.

அடுத்த கேன்டீன் சண்டையில நானும் பேசுவேன்.